அக்கம்மாள் பொம்மைக்கு ஒரு ரவிக்கை

வள்ளிக்கண்ணுவுக்குக் கோபம் மூக்கின் மேல்தான் நிற்கும். காரைக்குடி செக்காலைப் பக்கத்தில் அவளிடம் ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டுத் திட்டு வாங்காத பெண்கள் குறைவு. "அக்குள்ல பிடிக்குதுக்கா" என்று யாராவது திரும்பி வந்தால் போதும். "தீபாவளிக்கு அளவு குடுத்துட்டுப் பொங்க வரைக்கும் தின்னுக்கிட்டே இருந்தா பிடிக்காம என்ன செய்யும்? என் தையல்ல தப்பில்ல, ஒன் தட்டுலதேன் தப்பு" என்பாள். அப்படி வாய் பேசியும் கூட்டம் குறையவில்லை. கை அப்படிப்பட்ட கை. ஆனால் ஆறேழு வருஷமாக மனிதர்களுக்குத் தைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். இப்போது தைப்பதெல்லாம் பொம்மைக்கு.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், வரிசையில் ஏற்கெனவே நிறையப் பேர் நிற்கிறார்கள். முதல் ஆள் அவள் மகன் ஜெயகாந்தன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "நான் ஒரு நாளைக்கு எண்ணூறு பனியனுக்குக் கை ஒட்டுறேன். நீ ஒரு மாசமா ஒரே பொம்மைக்குப் பாவாடை கட்டிக்கிட்டு இருக்க. நல்ல பொழப்பும்மா" என்பான் போனில். "அந்த எண்ணூறுல ஒண்ணையாவது திரும்பிப் பாக்கணும்னு ஒனக்குத் தோணியிருக்காடா?" என்று இவள் கேட்பாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கட்டிய புருஷன் மலேசியாவுக்குச் சமையல் வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே ஒரு அடுப்பையும் அதன் பக்கத்தில் ஒருத்தியையும் பார்த்துக்கொண்டான். இவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு தையல் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து மகனை வளர்த்ததும், ஆத்தா அக்கம்மாளைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டதும், கூரை வீட்டை ஓட்டு வீடாக்கியதும் எல்லாம் அந்த மிஷின்தான்.

பொம்மைக்குத் தைக்கும் வேலை ஸ்வேதாவால் வந்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த பெண். துணி வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வெளிநாட்டுப் பொம்மை ஒன்றையும் போனில் ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சீமாட்டி ஒருத்தியின் கவுன். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் கோழிக்கூண்டைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி விரிந்து நின்றது. வள்ளிக்கண்ணு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏண்டி, இதப் போட்டுக்கிட்டு இவ எப்படி கக்கூசுக்குப் போனா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுடைய முதல் ஆராய்ச்சி. பிறகு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஊறவைத்து வளைத்து, அந்தக் கூண்டைப் பொம்மையின் இடுப்பில் கட்டினாள். மேலே பட்டுத்துண்டு. சோற்றுக் கஞ்சியில் தோய்த்து எடுத்த லேஸ். ஸ்வேதா அதைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட, எந்தெந்த ஊரிலோ பொம்மை சேர்க்கிறவர்கள் எல்லாம் வரிசைகட்டிவிட்டார்கள். ஸ்வேதா கல்யாணமாகி பெங்களூருக்குப் போன பிறகும் கேட்டு வருகிறவர்களை இங்கே அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பொம்மைகளோடு வள்ளிக்கண்ணுவுக்குத் தீராத சண்டை. ஒரு அடி உயரம். கழுத்து கொக்குக்கு, இடுப்பு எறும்புக்கு. குதிகால் எப்போதும் தூக்கியே இருக்கும், வெறும் தரையில் நிற்காது. நெஞ்சு மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும். "எந்த ஊர்ல எவ இப்படிப் பிறந்திருக்கா?" என்று திட்டிக்கொண்டேதான் ஒவ்வொன்றையும் கையில் எடுப்பாள். குதிகாலை அறுத்துவிட்டு எம்சீல் பசையைப் பிசைந்து தரையில் படிகிற பாதம் வைப்பாள். இடுப்பில் பஞ்சைச் சுற்றுவாள். நெஞ்சை ஒரு நாடாவால் இறுக்கிக் கட்டி அடக்குவாள். அதெல்லாம் முடிந்து, பார்த்தால் நம் தெருவில் நடக்கிற ஒரு பெண் மாதிரித் தெரிந்தால்தான் துணியில் கை வைப்பாள்.

துணியிலும் லேசுப்பட்ட வேலை இல்லை. பொம்மைக் கணக்கில் ஆறு அங்குலம் என்பது ஒரு அங்குலம். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தை ஆறில் ஒரு பங்காக எந்தத் தறியில் நெய்து கொடுப்பார்கள்? வெள்ளை மல் துணியை எடுத்து, ஊசி முனையால் ஒரு இழையை உருவி எறிந்து, அது இருந்த தடத்தில் அரக்கு நூலையோ கடுகு மஞ்சள் நூலையோ கோத்து இழுப்பாள். இப்படி இழை இழையாகக் குறுக்கும் நெடுக்கும். ஒரு சேலைக்கு இருபது நாள் ஆகும். அதைப் பின்கொசுவம் வைத்துப் பொம்மைக்குக் கட்டிவிட்டால், படத்தில் பார்க்கிறவர்கள் நிஜ மனுஷி என்றே நினைப்பார்கள்.

அந்தச் சேலையைப் பார்த்துத்தான் உமையாள் ஆச்சி வந்தாள். இளையாத்தங்குடி போகிற வழியில் ஒரு ஊரில் அவர்களுடைய பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். சென்னையில் வளர்ந்தவள், நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். வள்ளிக்கண்ணுவைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். இருந்தாலும் இவளுக்கு வாய் தானாக 'ஆச்சி' என்றுதான் வந்தது. செட்டியார் வீட்டுப் பெண்களை ஆத்தா அப்படிக் கூப்பிடக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்.

உமையாள் ஒரு பழைய படத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். அவளுடைய ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவின், கல்யாணப் படம். ஐம்பத்து மூன்றாம் வருஷம் அந்த வீட்டு வளவில், உள்முற்றத் தூண்களுக்கு நடுவே எடுத்தது. மாப்பிள்ளை, பெண், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், இரண்டு சித்தப்பாமார்கள், அவர்கள் மனைவிமார்கள், பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். தூண் ஓரமாக, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு வேலைக்காரப் பெண். குழந்தையோடு சேர்த்து மொத்தம் பதினோரு பேர்.

"இந்தப் படத்தை அப்படியே பொம்மையில செஞ்சு கண்ணாடிப் பெட்டியில வைக்கணும் வள்ளிக்கண்ணு. முகப்புல நுழைஞ்சதும் அதுதான் தெரியணும். எல்லாம் ஒரிஜினலா இருக்கணும், சேலைக் கரையில இருந்து" என்றாள் உமையாள்.

வள்ளிக்கண்ணு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். தூண் ஓரத்தில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான். பதினைந்து வயதில் இருந்தது.

"இது எங்க ஆத்தா" என்றாள்.

உமையாளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். கண் கலங்கிவிட்டது. "அப்படியா? உங்க அம்மாவா? இருக்காங்களா? என்ன பொருத்தம் பாருங்க! திறப்பு விழாவுக்கு அவங்களைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணும்" என்று வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உமையாள் கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடிந்தால் எவ்வளவோ வசதி. அவள் கெட்டவள் இல்லை. அதுதான் பிரச்சினையே.

அன்று மத்தியானம் படத்தைப் பற்றி ஆத்தாவிடம் சொன்னாள். அக்கம்மாளுக்கு எண்பத்தாறு வயது. இரண்டு கண்ணிலும் புரை. "கத்திய கண்ணுக்குள்ள விடுவாகளாம், நான் என்ன கிறுக்கியா?" என்று ஆபரேஷனுக்குப் போக மறுத்துவிட்டவள். இப்போது ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். மகள் சொன்னதைக் கேட்டதும் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் படமா? அது இன்னும் இருக்கா? நான் அத ஒரு தடவகூடப் பாத்ததில்லடி" என்றாள். பிறகு, "ரவிக்கை இல்லாம நிப்பேனே" என்றாள்.

"ஆமா. இல்ல."

"எங்கிட்ட இருந்துச்சுடி அன்னைக்கு."

எண்பத்தாறு வயதுக்காரி அழவில்லை. பேச்சுவாக்கில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்ததாம் அப்போது. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று அவளைப் பெற்ற அய்யா சிங்கம்புணரிச் சந்தையிலிருந்து சிவப்புத் துணி வாங்கி வந்து ரவிக்கை தைக்கக் கொடுத்தாராம். அவள் போட்ட முதல் ரவிக்கை. கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டு எச்சில் இலை எடுத்தாள், பாத்திரம் துலக்கினாள், எல்லாம் செய்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுக்கிற நேரத்தில் அந்த வீட்டுக் கைக்குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று கத்தியது. சரி, அவளும் நிற்கட்டும் என்றார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையைப் பெற்ற பெரிய ஆச்சி இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"'ஏண்டி, நானே ரவிக்கை போடாம நிக்கிறேன். எச்சித் தட்டுக் கழுவுறவளுக்கு ரவிக்கை கேக்குதோ? போ, அவுத்துப் போட்டுட்டு வா'ன்னாக. அவுக அந்தக் காலத்து மனுசி, போடுறதில்ல. நான் கெணத்தடிக்குப் போயி அவுத்துக் கல்லுமேல வச்சேன். வந்து நின்னேன். எடுத்தாக. திரும்பிப் போயிப் பாத்தா எவளோ அத எடுத்துக் கரித்துணியாக்கி அண்டா எறக்கியிருக்கா."

"நீ ஒண்ணும் சொல்லலயா?"

"என்னத்தச் சொல்ல? அதுக்கப்பறம் அந்த வீட்டுக்கு நான் ரவிக்கை போட்டுப் போனது பெரிய ஆச்சி காரியம் முடிஞ்ச மறுநாளுதேன்." அக்கம்மாள் கொஞ்சம் சிரித்தாள். சிரித்துவிட்டு, மகள் இருக்கிற திசையில் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். "ஏத்தா, நீதேன தைக்கப் போற? எனக்கு ஒரு ரவிக்கை போட்டு விட்டுரு. செவப்பு."

வள்ளிக்கண்ணுவுக்குத் தெரிந்து ஆத்தா தனக்கென்று எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்கு என்ன வேண்டும் என்றால்கூட "எனக்கென்ன" என்பவள். "போட்டு விடுறேன் ஆத்தா" என்றாள் வள்ளிக்கண்ணு.

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உறுத்தல்தான். வரலாற்று உடை என்றால் அவள் ஒரு பொட்டுகூட மாற்ற மாட்டாள். அந்தக் கவுன்காரிக்கு முதுகில் இருபத்து நான்கு கண் வைத்து நாடா கோக்க வேண்டும் என்றால், பொம்மைக்கும் இருபத்து நான்கு கண் குத்தியவள். படத்தில் இல்லாத ரவிக்கையை எப்படிப் போடுவது? பத்துப் பதினைந்து நாள் இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோது உமையாளே வழிகாட்டிவிட்டாள்.

வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். ஆத்தா பக்கத்து வீட்டில் டிவி கேட்கப் போயிருந்த நேரம். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆச்சிப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"வள்ளிக்கண்ணு, இவங்களுக்கு மட்டும் ஒரு ஜாக்கெட் தச்சுப் போட்ருங்களேன்."

"படத்துல இல்லையே ஆச்சி."

"இல்லைதான். ஆனா சிங்கப்பூர்ல இருந்து எங்க சொந்தக்காரங்கல்லாம் வருவாங்க. ஐயாவைப் பெத்தவங்களை இப்படி வெறும் தோளோட உக்கார வைக்கிறது என்னமோ மாதிரி இருக்கு. எல்லாம் மரியாதைக்குத்தானே?"

"செஞ்சுருவோம் ஆச்சி" என்றாள் வள்ளிக்கண்ணு. உறுத்தல் எல்லாம் போன இடம் தெரியவில்லை. மரியாதைக்காக ஒரு ரவிக்கை என்றால் இரண்டாவது ரவிக்கைக்கு யார் தடை சொல்லப் போகிறார்கள்? அப்படித்தான் நினைத்தாள் அந்தக் கெட்டிக்காரி. ஊரில் பாதிப் பேரின் அளவு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம், ஆனால் இந்த அளவில் கோட்டைவிட்டாள். ஆத்தாவைப் படத்துக்கு முன்னால் அவிழ்க்கச் சொன்னவளுக்கே தன் கையால் ஜாக்கெட் தைத்தாள். சந்தன நிறப் பட்டு, கையில் மயிரிழை லேஸ். அதைப் பற்றி ஆத்தாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பழைய கதை மறுபடி கிளறும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு சிவப்பு ரவிக்கைக்கு உட்கார்ந்தாள். மல் துணியைத் தானே சாயத்தில் முக்கி மூன்று தடவை காயவைத்தாள். ஐம்பத்து மூன்றில் கிராமத்துத் தையல்காரன் எப்படி வெட்டியிருப்பான் என்று யோசித்து, முன்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி வெட்டினாள். ஊசிக்குள் போகிற நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கித் தைத்தாள். கை நுழைகிற துவாரத்தில் அவள் சுண்டுவிரல்கூட நுழையாது. முடித்ததும் ஆத்தாவின் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தாள்.

அக்கம்மாள் அதை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள். கை எது, கழுத்து எது என்று கண்டுபிடித்தாள். "முடிச்சு வச்சிருக்கியே! அதே மாதிரிடி" என்றாள். அன்று சாயங்காலத்திலிருந்து தெருவில் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் கருப்பியைக் கைதட்டிக் கூப்பிட்டு, "பெரிய வீட்டு முகப்புல என்னய வைக்கிறாக. ரவிக்கையோட" என்றாள். வள்ளிக்கண்ணு மிஷினில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நிறைந்தது.

பதினோரு பொம்மைகளையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஓட்டல் காரிலேயே கொண்டுபோனாள். முகப்பில் ஜமுக்காளம் விரித்து ஒவ்வொன்றாக நிறுத்தினாள். உமையாள் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனாள். கல்யாணப்பெண்ணின் கழுத்துரு என்கிற தாலிச் சரத்தைத் தொட்டுப் பார்த்தாள், பெரிய ஆச்சியின் ஜாக்கெட்டைப் பார்த்து "ரொம்ப நன்றி" என்றாள். கடைசியாகத் தூண் ஓரத்துப் பொம்மையை எடுத்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு ஜாக்கெட் இருக்கே? படத்துல இல்லையே."

"பெரிய ஆச்சிக்கும் படத்துல இல்லையே ஆச்சி."

"அது வேற வள்ளிக்கண்ணு."

"எப்படி வேற?"

உமையாள் குரலை உயர்த்தவே இல்லை. "அவங்க வீட்டுப் பெரியவங்க. அது குடும்ப விஷயம். இந்தப் பொண்ணு அந்தக் காலத்துல வேலை செஞ்சவங்க எப்படி இருந்தாங்கன்னு காட்டுறதுக்கு நிக்குது. இங்க தங்க வர்றவங்க அதைத்தான் பார்க்க வர்றாங்க. ஜாக்கெட்டைப் போட்டா வரலாறே தப்பாயிடும். அந்தத் தோள் எவ்வளவு அழகு, பாருங்க!"

"வரலாறு எங்க ஆத்தா தோள்ல மட்டுந்தேன் இருக்கா ஆச்சி?"

"தப்பா எடுத்துக்காதீங்க."

"எங்க ஆத்தா அன்னைக்கு ரவிக்கை போட்டுக்கிட்டுத்தேன் வந்துச்சு. ஒங்க பெரிய ஆச்சிதேன் படத்துக்கு முந்தி அவுக்கச் சொன்னாக. கெணத்தடியில அவுத்து வச்சிட்டு வந்து நின்னுச்சு. அதுவும் வரலாறுதேன?"

உமையாளின் முகம் சிறுத்துப்போனது. பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதுக்கு ஏதாவது படம் இருக்கா?"

அடப்பாவி! அவிழ்த்துவிட்டு வா என்று சொன்னதற்கு எவன் படம் எடுத்து வைத்திருப்பான்? உமையாள் அந்தப் பொம்மையை மெதுவாக வள்ளிக்கண்ணுவின் கையிலேயே கொடுத்தாள். "இதை மட்டும் சரிபண்ணி நாளன்னைக்கு அனுப்புங்க. டிரைவர் வருவார்."

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாவிடம் "ரவிக்கை வேணாங்கிறாக" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தாள். பொம்மை உடுப்புக்கு எப்போதும் கழற்றி மாட்ட வழி இருக்க வேண்டும், அதுதான் அந்த வேலையின் விதி. பின்பக்கம் கடுகளவு பித்தானோ முடிச்சோ வைப்பாள். அன்று அந்த விதியைத் தூக்கிக் கடாசினாள். முன்முடிச்சை அவிழ்க்க முடியாதபடி உள்தையல் போட்டாள். அக்குளில், தோளில், இடுப்பில் சேலையோடு சேர்த்து, அடியில் கட்டிய நாடாவோடும் சேர்த்து ஊசியை இறக்கினாள். இனி எந்தக் கொம்பனாலும் இதை உருவ முடியாது என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். டிரைவர் இராமு வந்தபோது பெட்டியை ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமையாளிடமிருந்து திட்டு வரும், பெட்டி திரும்பி வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வந்தது விழா அழைப்பிதழ்தான், 'அம்மாவைக் கட்டாயம் அழைத்து வரவும்' என்று கைப்பட எழுதியிருந்தது. "மனசு மாறிட்டாக ஆத்தா" என்றாள் வள்ளிக்கண்ணு. அவளும் அதை நம்பினாள்.

விழாவன்று அக்கம்மாள் விடியும் முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் போகும்போது, "அந்த வீட்டுக்கு முன்வாசல் வழியா நான் போனதே இல்லடி, பின்கட்டு வழிதேன்" என்றாள் ஒரு குழந்தை மாதிரி. வாசலில் உமையாளே ஓடி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சிங்கப்பூர் சொந்தக்காரர்கள், வெள்ளைக்காரர்கள், கேமராக்காரர்கள் என்று முகப்பு முழுக்கக் கூட்டம். எல்லார் முன்னாலும் அக்கம்மாளின் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினாள் உமையாள். "இந்த வீட்டுக்காக உழைச்சவங்க" என்று மைக்கில் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கம்மாள் பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைதட்டல் வந்த பக்கமெல்லாம் கும்பிட்டாள்.

வள்ளிக்கண்ணு அதற்குள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

தூண் ஓரத்தில் பொம்மை நின்றது. இடுப்பில் குழந்தை இருந்தது. ரவிக்கை இல்லை. கத்தரியால் வெட்டி உருவியிருந்தார்கள். ரவிக்கையோடு சேர்த்துத் தைத்திருந்த நாடாவும் போய்விட்டது. அடக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நெஞ்சு சேலைக்குள்ளிருந்து தள்ளிக்கொண்டு நின்றது. கத்தரி பட்டுச் சேலைக் கரையில் ஒரு வெட்டு. அக்குளில் பிய்யாமல் ஒட்டிக்கொண்ட சிவப்பு நூல் இரண்டு. வேலை தெரிந்தவர் செய்திருந்தால் அந்த நூலையாவது எடுத்திருப்பார். ஒரு இளவட்டம் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து அந்தப் பொம்மையோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் பெரிய ஆச்சி சந்தன நிறப் பட்டு ஜாக்கெட்டில், மயிரிழை லேஸோடு, ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

வள்ளிக்கண்ணுவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தக் கண்ணாடியை உடைத்துப் போட வேண்டும் போல இருந்தது. உமையாள் தூரத்தில் யாரிடமோ பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள். இவள் வாயைத் திறந்தால் அந்த முகப்பே நாறும். திறக்கத்தான் போனாள். அதற்குள் ஆத்தாவின் கை தடவிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"பெட்டி இங்குட்டுதேன் இருக்கா? கிட்டக்க கூட்டிக்கிட்டுப் போடி."

கூட்டிப் போனாள். அக்கம்மாள் கண்ணாடியில் நெற்றி இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். உள்ளே போட்டிருந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் கண்ணுக்குக் கூச்சம்தான் தெரிந்திருக்கும். கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

"வெளிச்சமாத்தேன் இருக்கு. ஒண்ணும் பிடிபடல. நான் எங்குட்டு நிக்கிறேன்?"

"தூணோரம். இடுப்புல பிள்ளையோட."

"போட்டிருக்கா?"

ஊரில் யாருக்கும் முகத்துக்காக ஒரு பொய் சொல்லாதவள் வள்ளிக்கண்ணு. பொருந்தாத நிறத்தைப் பொருந்தாது என்று கல்யாணப்பெண் முகத்துக்கு நேரே சொன்னவள்.

"போட்டிருக்கு ஆத்தா."

"செவப்பா?"

"செவப்புத்தேன்."

அக்கம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மகளின் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரிக் கேட்டாள்.

"பெரிய ஆச்சிக்கு?"

வள்ளிக்கண்ணு அந்தச் சந்தன நிற ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

"அவுகளுக்கு இல்ல ஆத்தா. படத்துல எப்படி இருந்தாகளோ அப்படியே வச்சிருக்காக."

அக்கம்மாள் சந்தோஷப்படுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்காகத்தான் சொன்னாள். அக்கம்மாளோ 'த்சு' என்று நாக்கைத் தட்டினாள். முகம் வாடிப்போனது.

"அடப் பாவமே. இத்தன பேரு வந்து பாக்குற எடத்துல அவுக மட்டும் வெறுந்தோளோடயா? ஏண்டி, ஒனக்கு ஒரு சாண் துணி கெடைக்கலயா? அவுகளுக்கும் ஒண்ணு தச்சுப் போட்டு விட்டிருக்கலாமில்ல?"

"போட்டிருக்கலாந்தேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.